இடது பக்கம் நிற்க வேண்டியவள்

காலை எட்டு பத்து. மோரிப் கடற்கரையின் கார் நிறுத்துமிடத்தில் முதலில் கண்ணில் பட்டவை மூன்று லோரிகள். கடல் அவற்றுக்குப் பின்னால் இருந்தது. நான் லோரிகளைத்தான் பார்த்தேன். லோரி மூன்று என்றால் ஓட்டுநர் மூன்று பேர், கண்கள் ஆறு. சவுக்கு மரத்தடியில் தார்ப்பாய் கட்டிய ஒரு வடைக் கடையின் பெஞ்சில் மூவரும் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். கடலுக்குப் போகும் நடைபாதை அந்தக் கடையை ஒட்டித்தான் போனது.

"யாருமே இருக்க மாட்டாங்கன்னு சொன்னியே," என்றாள் பக்கத்து இருக்கையில் இருந்த என் தோழி.

சொல்லியிருந்தேன்தான். வேலை நாள், காலை நேரம், நோன்பு மாதம் என்று எல்லாவற்றையும் யோசித்துத்தான் நாளைக் குறித்திருந்தேன். நோன்பு மாதத்துப் பகலில் கடற்கரை காலியாக இருக்கும், கடைகள் மாலையில்தான் திறக்கும். கடல் ஏறி இறங்கும் நேரத்தையும் பார்த்து வைத்தேன். மோரிப் கடல் ஏறும்போது கரைச்சுவர் வரை வந்து நிற்கும். இறங்கத் தொடங்கினால் சேறுதான். முழங்கால் நனையவே வெகுதூரம் நடக்க வேண்டும். அன்று எட்டரை மணிக்கு ஏற்றம். முப்பது வருடம் ஒரு நாளிதழில் துணையாசிரியராக இருந்தேன். ஒரு பொதுத்தேர்தலுக்குக்கூட இவ்வளவு முன்னேற்பாடு செய்ததில்லை. வடைக் கடை மட்டும் விடுபட்டுவிட்டது.

வந்த வேலையைச் சொல்லிவிடுகிறேன். தோழியும் நானும் காப்பாரில் ஒரே பள்ளியில் படித்தவர்கள். அவள் இப்போது செந்தூலில் இருக்கிறாள், ஒரு பள்ளி அலுவலகத்தில் குமாஸ்தா. இரண்டு வருடத்துக்கு முன்னால் புற்றுநோய்க்காக அவளுடைய இடது மார்பை எடுத்துவிட்டார்கள். மருந்தில் கொட்டிய முடி திரும்ப முளைத்துக் காதைத் தொட்டிருந்தது. மருத்துவமனையில் காட்டிய சிலிக்கான் வகையறாவை அவள் வாங்கவில்லை. பழைய பருத்தி ரவிக்கைத் துணியில் ஒரு சின்னப் பை தைத்து, அதில் பச்சைப் பயறு நிரப்பி வைத்துக்கொள்கிறாள். எடை சரியாக இருக்கிறது, சூடாவதில்லை என்பது அவள் கட்சி. அலுவலகத்தில் யாருக்கும் தெரியாது.

ஒரு மத்தியானம் பிரிக்பீல்ட்ஸில் வாழை இலைச் சாப்பாட்டுக் கடையில், ரசத்துக்கும் மோருக்கும் நடுவில் அவள் சொன்னாள்: "எனக்கு ஒரு தடவை கடல்ல எறங்கணும்."

"எறங்கேன். யாரு புடிச்சு வச்சிருக்கா?"

"முட்டி வரைக்கும் நின்னு காலை நனைக்கிறது இல்ல. தலை முழுகணும். முன்ன மாதிரி."

முன்பெல்லாம் பள்ளி விடுமுறை வந்தால் குடும்பத்தோடு மோரிப்புக்குப் போய், எல்லாருக்கும் முன்னால் தண்ணீரில் விழுந்து எல்லாருக்கும் பின்னால் எழுந்து வருகிறவள். ஆபரேஷனுக்குப் பிறகும் குடும்பம் போனது. அவள் பாயில் உட்கார்ந்து பைகளையும் செருப்புகளையும் காவல் காத்தாள். எங்கள் பக்கத்துக் குடும்பங்கள் கடற்கரைக்குப் போனால் அந்த வேலைக்கு ஒரு பெண் கட்டாயம் உண்டு. மீகூன் சேமியா டப்பாவைத் திறப்பது, துண்டு எடுத்துக் கொடுப்பது, "ஆழத்துக்குப் போகாத" என்று உட்கார்ந்த இடத்திலிருந்து கத்துவது. என் குடும்பத்தில் அந்தப் பதவியை நான் இருபது வருடத்துக்கு மேலாக வகிக்கிறேன். யாரும் எனக்குக் கொடுக்கவில்லை, நானாகப் பிடித்துக்கொண்டது.

"பயறோட எறங்க முடியாது," என்றாள். "ஊறி, ரெண்டு நாள்ல மொளைச்சிடும் லா." அவளே சிரித்தாள். "பையை எடுத்துட்டு எறங்கினா, டீ-ஷர்ட் நனைஞ்சு ஒட்டும். ஒரு பக்கம் இருக்கும், ஒரு பக்கம் இருக்காது. அண்ணிங்க பார்த்தா அழுவாங்க. அதை என்னால பாக்க முடியாது. அதனால நீ வா."

"நான் வந்து?"

"நீ என் இடது பக்கம் நில்லு. அது போதும். உன் சைஸுக்கு நீ நின்னா கரையில இருக்கிறவனுக்கு ஒண்ணுமே தெரியாது."

என் உடம்பு இன்னொருவருக்குத் தேவைப்பட்டது, அதுவும் அதன் அகலத்துக்காகவே தேவைப்பட்டது, அதுதான் முதல் தடவை. உடனே சரி என்றேன். பாயசம் வந்தபோதுதான் உறைத்தது: அவளுக்குப் பக்கத்தில் நிற்க நானும் நனைய வேண்டும். அவளுக்கு ஒரு பக்கம்தான் பிரச்சினை. எனக்கு எல்லாப் பக்கமும்.

இங்கே என் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அலுவலகத்தில் படங்களை வெட்டிப் பக்கத்தில் வைப்பதும் என் வேலைகளில் ஒன்று. மாசி மகத்துக்குக் கடற்கரையிலிருந்து படங்கள் வரும். ஈரச் சேலையோடு பெண்கள் கும்பிட்டபடி நிற்பார்கள். தோளுக்குக் கீழே வெட்டிவிடுவேன். யாரும் சொல்லித் தரவில்லை. கை தானாகப் போகும். அதே பக்கத்தில் சட்டையில்லாத ஆண்களின் தொந்தி நான்கு பத்தி அகலத்துக்கு நிற்கும், அதில் கை வைத்ததில்லை. இத்தனை பெண்களைக் கழுத்தோடு நிறுத்தியதில் எனக்கே ஒரு பழக்கம் வந்துவிட்டது. கண்ணாடி முன்னால் நின்றால் என் பார்வை தாவாக்கட்டையோடு நின்றுகொள்ளும். அதற்குக் கீழே இருப்பதெல்லாம் இடமில்லாமையால் பிரசுரிக்கப்படாத பகுதி.

எனவே உடை தேடினேன். கிள்ளானில் ஒரு கடையில், முஸ்லிம் பெண்கள் நீந்தும்போது போடும் முழு உடை தொங்கியது. கறுப்பு. கணுக்கால் வரை கால்சட்டை, முழங்கால் வரை தொங்கும் மேல்சட்டை, மணிக்கட்டு வரை கை, தலையை மூடும் தொப்பி, முன்பக்கம் கழுத்திலிருந்து ஒரு ஸிப். மனிதப் பிறவி என்பதற்கு அத்தாட்சியாக முகமும் கைகால் விரல்களும் மட்டும் வெளியே இருக்கும். எனக்காகவே யாரோ யோசித்துத் தைத்த மாதிரி இருந்தது.

"யாருக்கு, ஆன்டி?" என்று கேட்டாள் கடைப் பெண்.

"ஒரு சொந்தக்காரவங்களுக்கு," என்றேன்.

"அவங்களும் உங்க மாதிரிதான் இருப்பாங்களா?" என்று மேலிருந்து கீழ் பார்த்துவிட்டு, தொங்கியவற்றை எல்லாம் தள்ளி ஆகக் கடைசியில் இருந்ததை எடுத்தாள். "இதுக்கு மேல சைஸ் இல்ல. அவங்ககிட்ட சொல்லிடுங்க."

வீட்டில் போட்டுப் பார்த்தேன். கணவர் தொலைக்காட்சியிலிருந்து தலையைத் திருப்பினார். "ரெய்ன் கோட்டா? நல்லாருக்கு," என்றார். நன்றாக இருக்கிறது என்று அவர் சொல்லிப் பல வருடம் ஆகியிருந்ததால் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

அதை அணிந்துகொண்டுதான் கிள்ளானிலிருந்து மோரிப் வரை வண்டி ஓட்டினேன். மேலே ஒரு பெரிய பாத்திக் சட்டை. வந்து சேர்ந்ததும் சட்டையைக் கழற்றினேன். தொப்பி நெற்றியில் இறுக்கமாக உட்கார வேண்டும் என்பதால் பொட்டை எடுத்து வண்டியின் முன்கண்ணாடியில் ஒட்டினேன். தொப்பியை மாட்டி, ஸிப்பைக் கழுத்து வரை இழுத்துவிட்டு இறங்கினேன். தோழி கறுப்பு டீ-ஷர்ட்டும் பூப்பந்து ஆடிய காலத்து டிராக் பேன்ட்டும் போட்டிருந்தாள். என்னை நிதானமாகப் பார்த்தாள்.

"உறை போட்ட ஃப்ரிட்ஜ் மாதிரி இருக்கடி."

"மறைக்கத்தானே கூட்டிட்டு வந்த?"

"என்னை மறைக்கச் சொன்னேன். நீ உன்னை மறைச்சுட்டு வந்திருக்க."

உடையில் பாக்கெட் கிடையாது. கைப்பையை வண்டிக்குள் வைத்துப் பூட்டி, சாவியை அவளிடம் கொடுத்தேன். தேநீருக்கு ஒரு பத்து வெள்ளி நோட்டை மட்டும் கையில் மடித்துக்கொண்டேன். பாயைத் தூக்கிக்கொண்டு அவள் முன்னால் நடந்தாள். கடையைத் தாண்டும்போது நான் வயிற்றை உள்ளே இழுத்து, மூச்சைப் பிடித்து, கண்களைக் கடலில் நிறுத்தினேன். ஓட்டுநர்கள் டயர் விலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவர்கூடத் திரும்பவில்லை. ஆறு கண்ணில் ஒரு கண்கூட.

இங்கேதான் எனக்குப் புத்தி கெட்டது. உடை வேலை செய்கிறதா, அல்லது அவர்கள் எதேச்சையாகத் திரும்பவில்லையா என்று ஒரு சந்தேகம். ஒரே ஆதாரத்தை வைத்துச் செய்தி போடக் கூடாது என்பது எங்கள் அலுவலகத்தில் பால பாடம். தண்ணீரில் இறங்கி எல்லாம் ஒட்டிக்கொள்வதற்கு முன்னால், காய்ந்த நிலையில் இன்னொரு சோதனை செய்துவிட நினைத்தேன்.

"நீ பாயை விரி. ரெண்டு டீ வாங்கிட்டு வந்துடறேன். வெறும் வயித்துல தண்ணியில எறங்கக் கூடாது," என்றேன்.

"இப்பத்தான் வீட்டுல இட்லி தின்னுட்டு வந்தேன்னு சொன்ன."

"அது ஏழு மணிக்கு."

"தண்ணி எறங்கிடும்டி. சட்டுனு வா," என்றாள். வலது கை இடது பக்கத்தைப் பொத்தியிருந்தது. அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் திரும்பி நடந்தேன்.

கடை வைத்திருந்தவர் என் வயதுத் தமிழ்ப் பெண். நெற்றியில் திருநீறு, இடுப்பில் துண்டு, எண்ணெயில் உளுந்து வடை. நான் வாய் திறப்பதற்குள், "காக், புவாசா கான்? தாக் போலே ஜுவால்," என்றார். அக்கா, நோன்புதானே, உங்களுக்கு விற்க முடியாது என்று மலாயில் சொல்கிறார். நோன்புப் பகலில் முஸ்லிம்கள் சாப்பிடுவது இங்கே குற்றம்.

"அக்கா, நான் தமிழ்தான்," என்றேன்.

"இருக்கட்டும் காக். தமிழ் முஸ்லிமும் எவ்வளவோ பேர் இருக்காங்க. கிள்ளான்ல பாத்திரக் கடை பாய் வீட்டுல என்ன சீனமா பேசுறாங்க?"

"நான் இந்து அக்கா."

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. போன வருஷம் ஒரு பொண்ணு நின்னு தின்னுட்டுப் போயிடுச்சு. எவனோ போட்டோ எடுத்துப் போட்டு, எனக்குத்தான் தொல்லை. வேணாம்மா. சாயங்காலம் வாங்க, சூடா போட்டுத் தரேன்."

ஓட்டுநர்கள் இப்போது திரும்பிவிட்டார்கள். ஆறு கண்களும்.

"ஐசி இருந்தா காட்டச் சொல்லுங்கக்கா," என்றான் அவர்களில் இளையவன். முஸ்லிமாக இருந்தால் அடையாள அட்டையில் மதம் அச்சிட்டிருக்கும். என் அட்டை வண்டிக்குள், சாவி தோழியிடம், தோழி கடலோரத்தில்.

எனக்குத் தேநீர் தேவையில்லை. வடையும் தேவையில்லை. "சரிக்கா" என்று சொல்லித் திரும்பியிருக்கலாம். ஆனால் முப்பது வருடம் பிழை திருத்திய புத்தி. தவறான தகவல் ஒன்று பொதுமக்கள் மூவர் மத்தியில் பரவ, அதைத் திருத்தாமல் போக முடியவில்லை. தொப்பியைப் பின்னால் தள்ளினேன். வியர்வையில் ஒட்டிய தலை தெரிந்தது. பொட்டு இல்லை.

"பொட்டும் இல்லியே ஆன்டி," என்றான் அவன்.

"வண்டிக் கண்ணாடியில இருக்கு."

"கண்ணாடிக்கா பொட்டு வச்சீங்க?"

"கழுத்துல இருக்கா?" என்று கேட்டார் கடைக்கார அம்மா. தாலியைக் கேட்கிறார். இருந்தது. உடைக்கு உள்ளே, ஸிப்புக்குப் பின்னால், பத்திரமாக.

யார் கண்ணிலும் ஓர் அங்குலம்கூடப் படக் கூடாது என்று வாங்கிய உடையின் ஸிப்பை, மூன்று லோரி ஓட்டுநர்கள் பார்க்க நானே கீழே இழுத்தேன். ஒரு சாண் இறங்கியது. பிறகு நின்றது. மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. தாலிச் சங்கிலி ஸிப்பின் பல்லில் மாட்டிக்கொண்டுவிட்டது. நான் பதற்றத்தில் இன்னும் இழுக்க, சங்கிலி இறுகி, கழுத்து வளைந்து, தாவாக்கட்டை மார்பில் பதிந்தது. தலையை நிமிர்த்த முடியவில்லை. குனிந்தபடி நின்றேன். குனிந்தால் தெரிவது என் வயிறு. எத்தனையோ வருடமாகப் பிரசுரிக்காமல் வைத்திருந்த பகுதியை முழுப் பக்க அளவில் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"தாலிதான்! தாலிதான்! ஐயோ, மன்னிச்சுக்குங்கக்கா," என்று கடைக்கார அம்மா ஓடி வந்தார். மலாய்க் காக், தமிழ் அக்காவாகிவிட்டேன்.

"ஆன்டி, லோரியில பிளையர் இருக்கு. எடுத்துட்டு வரட்டா?"

"போடா அந்தப் பக்கம்! தாலிடா அது, பிளையராம்!" அவர் என்னைத் தோளைப் பிடித்துக் கடைக்குப் பின்னால், எரிவாயுத் தோம்புக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினார். சமையல் எண்ணெய்ப் புட்டியும் பல்குச்சியும் வந்தன. ஸிப்பில் எண்ணெய் ஊற்றிக் குச்சியால் நெம்பினார். எண்ணெய் உள்ளே வழிந்தது.

"கொஞ்சம் வயித்த உள்ள இழுங்க, அக்கா."

"இழுத்துத்தான் வச்சிருக்கேன்."

அவர் கை ஒரு கணம் நின்றது. "சரி, அப்ப விட்டுடுங்க," என்றார்.

விட்டேன். காலையிலிருந்து அப்போதுதான் முழுசாக மூச்சு விட்டேன். அவர் என் வயிற்றின்மேல் முழங்கையை வசதியாக ஊன்றிக்கொண்டு, மாவு பிசைகிற மேசையில் ஊன்றுவதைப் போல, வேலையைத் தொடர்ந்தார்.

"தனியாவா வந்தீங்க?"

"கூட்டாளி இருக்கா. பாயில உக்காந்திருக்கா. எனக்காகத்தான் காத்துட்டிருக்கா," என்றேன் வயிற்றிடம். தலை நிமிராததால் கடல் தெரியவில்லை. லோரி ஒன்று கிளம்பும் சத்தம் கேட்டது. இன்னொன்று. இளையவன் மட்டும், "வரேன் ஆன்டி, அடுத்த தடவ பொட்டு வச்சுட்டு வாங்க," என்று கத்திவிட்டுப் போனான்.

சங்கிலி விடுபட்டபோது அந்த அம்மா எண்ணெயைத் துடைக்கத் துண்டைக் கொடுத்தார். இரண்டு தேநீர் கட்டி, வடை பொதிந்து, பணம் வேண்டாம் என்றார். நான் வாங்கிக்கொண்டு ஓடினேன். ஓடினேன் என்பது எழுத்து வழக்கு. எண்ணெயில் ஊறிய கறுப்பு உடையில், தொப்பி முதுகில் தொங்க, இரண்டு கையிலும் பிளாஸ்டிக் பைகள் ஆட, என்னால் முடிந்ததைச் செய்தேன்.

கடல் கரைச்சுவரை விட்டு விலகியிருந்தது. ஈர மணல் ஒரு பட்டையாகத் தெரிந்தது. பாய் விரித்திருந்தது. பாயில் அவள் இல்லை. அவள் செருப்புகள் ஜோடியாக இருந்தன. ஒரு செருப்பின் மேல் பயறுப் பை, அதன்மேல் கார் சாவி.

இடுப்பளவுத் தண்ணீரில் அவள் நின்றுகொண்டிருந்தாள். இடது பக்கம் யாரும் இல்லை. அந்தப் பக்கத்தில், கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில், இரண்டு ஆட்கள் வலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். வலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

என்னைக் கண்டதும் கையைத் தூக்கினாள். "எங்கடி போன? தேயிலை பறிக்கப் போனியா?"

"ஸிப் மாட்டிக்கிச்சு!"

"எதுல?"

"தாலியில!"

அவள் சிரித்த சிரிப்பில் வலைக்காரர்கள் இருவரும் நிமிர்ந்து பார்த்தார்கள். அவள் கையைக் கீழே கொண்டுபோகவில்லை. அவர்கள் மறுபடியும் வலைக்குக் குனிந்தார்கள்.

பைகளைப் பாயில் வைத்துவிட்டு இறங்கினேன். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. மேல்சட்டைக்குள் காற்றுப் புகுந்து என்னைச் சுற்றிக் கறுப்புக் குடையாக விரிந்தது. அலையில் அது உப்பி உப்பி எழ, இரு கையாலும் அமுக்கிக்கொண்டே போய், ஒப்புக்கொண்டபடி அவளுடைய இடது பக்கத்தில் நின்றேன். என்னைச் சுற்றி எண்ணெய்ப் படலம் வானவில் நிறத்தில் பரவியது.

"தள்ளி நில்லுடி," என்றாள். "வெயில மறைக்கிற."

வலது பக்கம் போனேன். அவள் டீ-ஷர்ட் நனைந்து ஒட்டியிருந்தது. அவள் சொன்ன மாதிரிதான் இருந்தது, ஒரு பக்கம் இருந்தது, ஒரு பக்கம் இல்லை. என் கண் பழக்க தோஷத்தில் அவள் தோளுக்கு ஏறியது. பிறகு இறங்கியது. அவள் அதைக் கவனித்தாள்.

"இப்ப முழுகலாமா? ரெண்டு பேரும்?" என்று கேட்டேன்.

"நீ முழுகு," என்றாள்.

அவள் தலைமுடி ஏற்கெனவே நனைந்திருந்தது.